சாய்ந்தது கட்டடமா, கேமராவா?



போன வாரம் நான் போட்ட சிங்கப்பூர் இரவுப் படத்தைப் பார்த்து நிறையப் பேர் கேள்வி கேட்டிருந்தீர்கள். அதில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான். "டீச்சர், நாங்க எடுத்தா கட்டடமெல்லாம் மல்லாக்க விழுற மாதிரி வருது. உங்க படத்துல மட்டும் எப்படி நட்டுக்குத்தா நிக்குது?" துபாயிலிருந்து ஒருவன் கேட்கிறான், குவைத்திலிருந்து ஒருத்தி கேட்கிறாள், எங்கள் சின்ன மாமா பேரனும் கேட்கிறான். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரு பாடமாகவே நடத்திவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் சாக்பீஸ் பிடித்த கை, சுருக்கமாக எழுத வராது. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் ஒன்று. அந்தப் படம் ஊர் பார்க்கப் போன நினைவுக்காக எடுத்தது இல்லை. நம் ஊரில் இருக்கும் ஒரு அம்மாவுக்காக எடுத்தது. அவருடைய மகன் என்னிடம் 1996-ல் ஐந்தாம் வகுப்பு படித்தவன். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மற்றதை எழுதிக்கொள்ளச் சம்மதம் தந்தான்.

மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன் அல்லவா? நான் வந்திருப்பது தெரிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவிலிருந்து பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். தலையில் கொஞ்சம் நரை. இப்போது கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருக்கிறானாம். சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்து ஒரு படம் காட்டினான். மரீனா பே சாண்ட்ஸ். மூன்று கோபுரமும் அவற்றின் தலைமேல் கப்பல் மாதிரி ஒரு தளமும் இருக்குமே, அந்தக் கட்டடம்தான். 2008-ல் இவன் சிங்கப்பூருக்கு வந்ததும் முதலில் வேலை பார்த்த இடம் அதுதானாம்.

"டீச்சர், இதை அம்மாவுக்குக் காட்டினேன். பிரேம் போட்டு வீட்டுல மாட்டணும்னு ஆசை. ஆனா அம்மா இதைப் பார்த்த நாள்லேர்ந்து, 'தம்பி, இது சாயுதேப்பா, நீ வேற வேலை பாரு'ன்னு போன்ல தினமும் சொல்றாங்க. அந்த வேலை முடிஞ்சு எத்தனையோ வருஷமாச்சுன்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாங்க. 'இந்த மாதிரிதானே எல்லாத்தையும் கட்டுறீங்க'ன்னு கேக்குறாங்க."

போனை வாங்கிப் பார்த்தேன். அந்த அம்மா சொன்னதில் தப்பே இல்லை. கட்டடத்தின் அடியில் நின்று போனை அண்ணாந்து பிடித்து எடுத்த படம். மூன்று கோபுரமும் பின்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

அந்த அம்மாவின் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இவன் எட்டாவது படிக்கும்போது ஓர் ஐப்பசி மழையில் அவர்கள் வீட்டு மண்சுவர் ஊறிச் சாய்ந்து விழுந்தது. திண்ணைப் பக்கம் படுத்திருந்த இவனுடைய அப்பாவுக்கு இடுப்பு போய்விட்டது. அப்புறம் அவர் எழுந்து நடக்கவே இல்லை. சுவர் விழுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே லேசாகச் சாய்ந்திருந்ததை அந்த அம்மா பார்த்திருக்கிறார். மழை விடட்டும் என்று இருந்திருக்கிறார்கள். சாய்ந்த சுவர் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"சரிடா, நேரா நிக்கிற மாதிரி ஒரு படம் நாம எடுப்போம்" என்றேன்.

இனி பாடம்.

கட்டடம் ஏன் சாய்கிறது? தண்டவாளத்தின் நடுவில் நின்று பார்த்தால் தூரத்தில் இரண்டு தண்டவாளமும் சேருவது மாதிரி தெரியும். எங்கேயும் சேருவதில்லை என்பது நமக்குத் தெரியும். தூரத்தில் இருப்பது சிறியதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இப்போது தண்டவாளத்தை நிமிர்த்தி நட்டு வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் கட்டடத்தின் இரண்டு ஓரமும். கேமராவை அண்ணாந்து பிடித்தால், படம் பதியும் தளம் சுவருக்கு இணையாக இல்லாமல் சாய்ந்துவிடுகிறது. அந்தச் சாய்வில் கட்டடத்தின் உச்சி தள்ளிப்போய்ச் சிறியதாகவும், அடி கிட்டத்தில் பெரியதாகவும் பதிகிறது. இரண்டு ஓரமும் மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று வளைந்துகொடுப்பது மாதிரி கூடுகின்றன. நம் மூளை அதைப் பார்த்து, "ஓஹோ, பின்னால் விழுகிறது" என்று முடிவு கட்டிவிடுகிறது.

நேரில் நாம் அண்ணாந்து பார்க்கும்போதும் கண்ணுக்குள் இதேதான் நடக்கிறது. ஆனால் தலையை நிமிர்த்தியிருக்கிறோம் என்பது கழுத்துக்கும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கும் தெரியும். மூளை அதைக் கழித்துக்கொள்கிறது. வீட்டில் உட்கார்ந்து படத்தைப் பார்ப்பவருக்கு அந்தக் கணக்கு தெரியாது. படம் எடுத்தவன் கழுத்தை எவ்வளவு நிமிர்த்தினான் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

இதை நம்பாதவர்கள் இப்போதே ஒரு சோதனை செய்யலாம். உங்கள் வீட்டு நிலைக்கதவுக்கு முன்னால் தரையில் உட்காருங்கள். போனை மேல்நோக்கிச் சாய்த்து நிலையை ஒரு படம் எடுங்கள். அப்புறம் எழுந்து நாலு அடி பின்னால் போய், போனை நெஞ்சுக்கு நேராக, முன்னும் பின்னும் சாயாமல் பிடித்து இன்னொன்று எடுங்கள். முதல் படத்தில் நிலை மேலே குறுகியிருக்கும். இரண்டாவதில் செவ்வகமாக இருக்கும். நிலை அதேதான், தச்சர் செய்தபடி அப்படியே நிற்கிறது.

ஆகவே முதல் விதி: கேமராவை அண்ணாத்தாதே. சுவர் எப்படி நிற்கிறதோ கேமராவும் அப்படியே நிற்கட்டும்.

"அப்படிப் பிடிச்சா உச்சி படத்துக்குள்ள வரமாட்டேங்குதே டீச்சர்" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இங்கேதான் முக்கோணக் கணக்கு வருகிறது. அந்தக் கோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 200 மீட்டர். அதன் அடியிலிருந்து 50 மீட்டர் தள்ளி நின்றால் உச்சியைப் பார்க்கச் சுமார் 76 பாகை அண்ணாந்தாக வேண்டும். 500 மீட்டர் தள்ளிப் போனால் 22 பாகை போதும். அந்த 22 பாகை, கேமராவைச் சாய்க்காமலே சாதாரண போனின் படத்துக்குள் அடங்கிவிடும். கழுத்து வலிக்கிற இடத்திலிருந்து படம் எடுக்காதீர்கள், தள்ளிப் போங்கள். இரண்டாவது விதி அவ்வளவுதான்.

ஆனால் நகரத்துக்குள் 500 மீட்டர் எங்கே தள்ளிப் போவது? நடுவில் ஆயிரம் கட்டடம் மறைக்கும். இதனால்தான் நீர்க்கரை நமக்குக் கிடைத்த வரம். தண்ணீர் மேல் யாரும் வீடு கட்டுவதில்லை. எதிர்க்கரையில் நின்றால் முழுக் கட்டடமும் தெரியும்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. கேமராவை நேராகப் பிடித்தால் தொடுவானம் படத்தின் சரிநடுவில் வரும். கட்டடம் மேல்பாதியில்தான் இருக்கும். ஊருக்குள் எடுத்தால் கீழ்ப்பாதி முழுக்கத் தார் ரோடும் ஆட்டோவும்தான். வெட்டித்தான் எறிய வேண்டும். நீர்க்கரையில் அந்தக் கீழ்ப்பாதியில் பிரதிபலிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். வீணாகப் போகாது.

மரீனா விரிகுடா என்று பெயர் இருந்தாலும் அங்கே இப்போது இருப்பது கடல்நீர் இல்லை. 2008-ல் வாய்ப்பகுதியில் ஒரு தடுப்பணை கட்டி அதை நன்னீர்த் தேக்கமாக மாற்றிவிட்டார்கள். அதனால் கடல் ஏற்ற இறக்கம் உள்ளே வராது, அலையும் இல்லை. சுற்றுலாப் படகு போனால் சிறு சலனம் வரும், அது அடங்கக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் போதும். மேற்குக் கரையில் மெர்லயன் சிலை இருக்கிறது. சிங்கத் தலை, மீன் உடல், உயரம் 8.6 மீட்டர். 1972-ல் ஆற்று முகத்தில் வைத்ததை 2002-ல் இப்போதைய இடத்துக்கு நகர்த்தினார்கள். அதன் பின்னால் தூண்களோடு நிற்பது ஃபுல்லர்ட்டன், 1928-ல் திறந்த கட்டடம், ஒரு காலத்தில் பெரிய தபால் நிலையம். இப்போது ஹோட்டல். வடக்கே டுரியன் பழம் மாதிரி முள் முள்ளாக இருப்பது எஸ்பிளனேட் கலையரங்கம். கிழக்குக் கரையில் நம் கட்டடம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் போய்விட்டோம். மாப்பிள்ளையின் பழைய கேமராவும் ஒரு முக்காலியும் கையில். ஏன் ஆறரை? இரவுப் படத்துக்கு நல்ல நேரம் நடு இரவு இல்லை, அந்தி. வானம் முழுக்கக் கறுத்துவிட்டால் கட்டடத்தின் ஓரம் இருட்டோடு கலந்துவிடும், எரியும் ஜன்னல்கள் மட்டும் அந்தரத்தில் தொங்கும். சூரியன் மறைந்து வானம் கருநீலமாக இருக்கும்போது கட்டடத்தின் உருவமும் விளக்கும் ஒன்றாகத் தெரியும். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருஷம் முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. ஆனால் நேராக இறங்கி மறைவதால் அந்தி சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இருபது இருபத்தைந்து நிமிஷம்தான் கிடைக்கும். லண்டனில் கோடையில் எடுப்பவர்கள் மாதிரி நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டு எடுக்க முடியாது. இடம் பார்ப்பது, முக்காலி நிறுத்துவது எல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும்.

கேமரா வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 100. துளை எஃப் 8. அந்தி இருட்ட இருட்ட 4 வினாடியில் ஆரம்பித்து 15 வினாடி வரை போகலாம். பொத்தானை அழுத்தும் விரலே கேமராவை ஆட்டிவிடும், அதனால் 2 வினாடி டைமர் வையுங்கள். முக்காலியில் இருக்கும்போது ஆட்டம் தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். விளக்குப் பகுதி வெள்ளையாக வெந்துபோகாமல் கொஞ்சம் இருட்டாகவே எடுங்கள். இருட்டை அப்புறம் ஏற்றலாம், வெந்ததை மீட்க முடியாது. சோறு குழைந்தால் என்ன செய்ய முடியும்? அதே கதைதான். முக்காலியைப் பாலத்தின் மேல் வைக்காதீர்கள். ஆள் நடந்தாலே பாலம் அதிரும். மரப்பலகை போட்ட நடைபாதையும் அப்படித்தான். போன் வைத்திருப்பவர்கள் கைப்பிடிச் சுவரில் போனைச் சாய்த்து வைத்து இரவு வசதியில் எடுத்தால் போதும்.

நாங்கள் நின்றது ஹீலிக்ஸ் பாலத்தின் வடக்கு முனைப் பக்கம், கரையில். மெர்லயன் பக்கமிருந்து பார்த்தால் கோபுரங்களின் அகலமான முகம் தெரியும். எல்லாரும் எடுப்பது அதைத்தான். இவன் கேட்டது பக்கவாட்டுத் தோற்றம். "நான் ஏறின பக்கம் அதுதான் டீச்சர்" என்றான்.

இங்கே ஒரு சிக்கல். அந்தக் கட்டடத்தைப் பக்கவாட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கோபுரமும் ஒற்றைக் கட்டடம் இல்லை. கீழே இரண்டு கால். ஒன்று ஏறக்குறைய நேராக நிற்கிறது. இன்னொன்று கிழக்கே கால் விரித்து, வளைந்து மேலே வந்து முதல் காலோடு 23-வது மாடி உயரத்தில் சேர்கிறது. வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. ஆகவே இதில் ஒரு கால் உண்மையிலேயே சாய்ந்துதான் இருக்கிறது. கேமரா கூட்டிச் சொன்ன சாய்வு ஒன்று, கட்டியவர்களே வைத்த சாய்வு ஒன்று. இரண்டும் ஒரே படத்தில் கலந்து கிடக்கிறது. எதை நிமிர்த்துவது, எதை விடுவது?

கேமராவில் மட்டம் காட்டும் கோடு உண்டு. ஆனால் அந்தப் பழைய கேமராவில் இடது வலது சாய்வுக்கு மட்டும்தான் காட்டியது, முன்பின் சாய்வுக்கு இல்லை. தொடுவானம் பார்த்துச் சரிசெய்யலாம் என்றால் அங்கே தொடுவானமே கிடையாது, சுற்றிலும் கட்டடம். எதிர்க்கரையின் கோட்டை மட்டமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. கரை நம்மைவிட்டு வளைந்து விலகிப் போகிறது, படத்தில் அது சரிந்துதான் விழும். கரைக்கோட்டை மட்டமாக்கப் போனால் கட்டடம் ஒருபக்கமாகக் கவிழும்.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் கைகட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சொன்னான்:

"டீச்சர், தண்ணி தூக்குக்குண்டு போட்டுக் காட்டுது பாருங்க."

கொத்தனார் வேலை தெரிந்தவர்களுக்கு அது என்ன என்று சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுவர் செங்குத்தாக எழும்புகிறதா என்று பார்க்க நூலில் ஓர் உலோகக் குண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பூமி அந்த நூலை நேராகக் கீழே இழுக்கும். அதுதான் நேர்.

அவன் சொன்னது இதுதான். கரையில் ஒரு விளக்கு எரிந்தால் அதன் பிரதிபலிப்பு தண்ணீரில் அந்த விளக்குக்கு நேர் கீழேதான் விழும். இடதும் போகாது, வலதும் போகாது. தண்ணீர் லேசாக அசைந்தால் அந்த ஒளி நம் பக்கமாக நீண்டு ஒரு தூண் மாதிரி ஆகும். 10 வினாடி படத்தில் அந்த அசைவெல்லாம் கலந்து, அழகான ஒளிக்கோடுகளாகப் பதியும். ஒவ்வொரு ஒளிக்கோடும் ஒரு தூக்குக்குண்டு நூல்தான். படத்தில் அந்தக் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் கேமரா நேராக இருக்கிறது. அவை ஒன்றை நோக்கி ஒன்று கூடினால் கேமரா முன்னேயோ பின்னேயோ சாய்ந்திருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கேமரா இடமோ வலமோ கவிழ்ந்திருக்கிறது.

அவன் சொன்னதை மனதில் படம் போட்டுப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில் நான் கண்ணாடியையும் அளவுகோலையும் வைத்து நடத்திய பாடம்தான். அவன் அதை ரசமட்டத்தோடும் தூக்குக்குண்டோடும் சேர்த்து எனக்கே திருப்பி நடத்துகிறான். ஆசிரியர் பயிற்சியில் வாங்கிய டிப்ளமோவுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? கரையில் நின்று சிரித்துவிட்டேன்.

அன்று பதினோரு படம் எடுத்தோம். ஏழாவது படத்தில் படகு இல்லை, காற்று இல்லை, வானம் கருநீலம். அதைத்தான் தேர்ந்தெடுத்தோம். கேமரா மிகக் கொஞ்சமாக மேல்நோக்கி இருந்தது. அதை வீட்டுக்கு வந்து கணினியில் சரிசெய்தோம்.

சரிசெய்வது எப்படி? போனிலேயே ஸ்னாப்சீட் போன்ற செயலிகளில் 'பெர்ஸ்பெக்டிவ்' என்று இருக்கும். கணினியில் லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கு வழிகாட்டிக் கோடு போடும் வசதி உண்டு. படத்தில் எது செங்குத்து என்று நாம் இரண்டு இடத்தில் கோடு போட்டுக் காட்டினால், அந்த இரண்டும் நேராகும்படி மொத்தப் படத்தையும் இழுத்துக் கொடுக்கும். ஒரு கோட்டைப் படத்தின் இடப்பக்கமும் இன்னொன்றை வலப்பக்கமும் போடுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கணக்கு பிசகும்.

'ஆட்டோ' என்று ஒரு பொத்தான் இருக்கும். சாதாரணத் தெருவுக்கு அது போதும். இந்தக் கட்டடத்துக்கு அதை நம்ப முடியாது. எந்தக் கோடு சாய்ந்த கால், எந்தக் கோடு நேர்க் கால் என்று அதற்குத் தெரியாது, சாய்ந்தது எல்லாமே அதற்குத் தவறுதான். அதனால் நாங்கள் கட்டடத்தின் மேல் கோடு போடவே இல்லை. இடப்பக்கம் ஒரு விளக்கு, தண்ணீரில் அதன் ஒளித்தூண். இரண்டையும் சேர்த்து ஒரு கோடு. வலப்பக்கம் அதேபோல இன்னொன்று. அவ்வளவுதான். படம் மெல்ல நிமிர்ந்தது. நேர்க் கால் ஒளித்தூணோடு இணையாக நின்றது. விரித்த கால் விரித்தபடியே இருந்தது. கேமரா கூட்டிச் சொன்ன பொய் மட்டும் போய்விட்டது.

நிமிர்த்தும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, படத்தின் மேல்பகுதியை அகலமாக இழுப்பதால் கீழ் ஓரங்களில் முக்கோணமாக வெற்றிடம் வரும், அதை வெட்ட வேண்டும். ஆகவே எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள். தையல்காரர் துணி மிச்சம் விடுவது மாதிரி. இரண்டு, அடியில் நின்று மிகவும் அண்ணாந்து எடுத்த படத்தை முழுக்க நிமிர்த்தாதீர்கள். உச்சி இழுபட்டு மங்கும். கட்டடம் தலை பெருத்துக் காணும். அப்படிப்பட்ட படத்தில் பத்தில் எட்டுப் பங்கு நிமிர்த்தி, கொஞ்சம் சாய்வை விட்டுவிடுவதே கண்ணுக்கு இயல்பாக இருக்கும். முதலிலேயே தள்ளி நின்று எடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வேறு இரண்டு கோளாறுகளையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நேர்க்கோடே வில் மாதிரி வளைந்து வந்தால் அது லென்ஸின் குணம். மென்பொருளில் அந்த லென்ஸின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அதை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் சாய்வுக்குப் போக வேண்டும். இன்னொன்று, அகலமாகப் பிடிக்கும் லென்ஸில் ஓரத்தில் இருக்கும் உருண்டையான பொருள் பக்கவாட்டில் இழுபடும். எஸ்பிளனேட்டின் உருண்டைக் கூரையைப் படத்தின் ஓரத்தில் வைத்தால் கோழிமுட்டை ஆகிவிடும். கல்யாண குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கிற சித்தி மட்டும் குண்டாக வருவதும் இதனால்தான். சித்தி, கவலை வேண்டாம், அடுத்த கல்யாணத்தில் நடுவில் வந்து நில்லுங்கள்.

பாடம் முடிந்தது. இனி அந்த அம்மா.

ஊர் திரும்பியதும் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு, பிரேம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். இப்போது அவர்கள் வீடு மகன் அனுப்பிய பணத்தில் கட்டிய கான்கிரீட் வீடு. திண்ணை இல்லை. கண்ணில் புரை அறுவைச் சிகிச்சை முடிந்து நாலு மாதம் ஆகிறது, நன்றாகப் பார்க்கிறார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் நேர்க் காலைத் தடவினார். "இது நேரா இருக்கு டீச்சரம்மா" என்றார். விரல் விரித்த காலுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"இது சாய்ஞ்சுதானே இருக்கு?"

மகன் என்ன சொல்லச் சொன்னான் தெரியுமா? "அதுவும் போட்டோவுல அப்படித் தெரியுதுன்னு சொல்லிடுங்க டீச்சர்" என்றான். கணினியில் அதையும் நிமிர்த்திவிட எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் இரண்டு வருஷம் உழைத்த கட்டடம் அது. உள்ளது உள்ளபடி அவர் பார்க்க வேண்டும் என்றுதானே அவ்வளவு மெனக்கெட்டோம்?

"ஆமா அக்கா, அது நெசமாவே சாய்ஞ்சுதான் இருக்கு. அப்படித்தான் கட்டியிருக்காங்க. மேல போயி ரெண்டும் சேருது பாருங்க. சேர்ற வரைக்கும் நடுவுல இரும்பு முட்டுக் குடுத்து வச்சிருந்தாங்களாம். உங்க மகன்தான் சொன்னான்."

அவர் படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நாள் எள்ளு வயலில் வேலை பார்த்தவர்.

"எள்ளுக் கட்டு நிறுத்துற மாதிரியா? ஒண்ணுல ஒண்ணு சாய்ச்சு?"

"அதே மாதிரிதான் அக்கா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க சுவத்துக்கு எதிர்ல ஒண்ணும் இல்லாமப் போச்சு" என்றார். அழவில்லை. எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். படத்தை எங்கே மாட்டுவது என்று அவரே இடம் பார்த்தார், கணவர் படத்துக்குப் பக்கத்துச் சுவரில். ஆணி அடித்தவன் பக்கத்து வீட்டுப் பையன். "கோணலா மாட்டாதடா" என்று மூன்று தடவை சொன்னார்.

அன்று ராத்திரி மகன் எனக்குப் போன் செய்தான். அம்மா வேலையை விடு என்று சொல்லவில்லையாம். "எத்தனாவது மாடியில நீ நின்ன, விரலை வச்சுக் காட்டுற மாதிரி சொல்லு" என்று கேட்டாராம். இவன் ஜன்னல்களை எண்ணி எண்ணி அரைமணி நேரம் சொல்லியிருக்கிறான்.

இப்போது உங்கள் எல்லாருக்கும் வீட்டுப்பாடம். நீங்கள் துபாயில் இருங்கள், தோஹாவில் இருங்கள், சென்னையில் ஏதோ ஒரு மாடியில் இருங்கள். நீங்கள் வேலை பார்க்கிற கட்டடத்தை, கட்டுகிற கட்டடத்தை, தள்ளி நின்று, கேமராவைச் சாய்க்காமல், அந்தி நேரத்தில் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஓடையோ குளமோ கடலோ, மழை பெய்த தண்ணீர்த் தேக்கமோ இருந்தால் ஒளித்தூணைப் பார்த்து மட்டம் சரிசெய்யுங்கள். எடுத்து, உங்கள் அம்மா அப்பாவுக்கு அனுப்புங்கள். எத்தனாவது மாடியில் இருக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அப்புறம் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். மார்க் போட்டுத் தருகிறேன். சிவப்பு மை இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்